இத்தாலியப் பெரியவர்கள் வீட்டுக்குச் சாப்பாடு: மெல்பர்னில் ஒரு தன்னார்வக் குழுவை நடத்துவது எப்படி?

எத்தனை டப்பா கொண்டுபோய்க் கொடுத்தோம் என்று எல்லாக் குழுவும் எழுதி வைக்கும். எத்தனை டப்பா காலியானது என்று கேட்கும் குழு குறைவு. மெல்பர்னில் இத்தாலியப் பெரியவர்களுக்கு வீட்டுக்கே சாப்பாடு கொண்டுபோகும் வேலையில் இறங்க நினைத்தால், அந்த இரண்டாவது கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஃப்ரிட்ஜில் மூன்று நாள் டப்பா அப்படியே அடுக்கியிருந்தால், அந்த வீட்டுக்கு நீங்கள் இன்னும் சாப்பாடு கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

1951-இல் இத்தாலியும் ஆஸ்திரேலியாவும் குடியேற்ற ஒப்பந்தம் போட்டன. அதையொட்டிய இருபது வருடங்களில் கலாப்ரியா, சிசிலி, அப்ரூஸ்ஸோ, வேனெத்தோ என்று பல பக்கங்களிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள், தொழிற்சாலையிலும் கட்டட வேலையிலும் தையல் மெஷினிலும் உழைத்து, முதலில் கார்ல்டன், பிரன்ஸ்விக் பக்கமும் பிறகு வடக்கே கோபர்க், ரிசர்வார், தாமஸ்டவுன் என்றும் வீடு வாங்கிக் குடியேறினார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இத்தாலியில் பிறந்தவர்கள் நாடு முழுக்க 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல். ஐம்பதுகளின் நடுவில் இருபது வயதில் இறங்கியவருக்கு இன்று தொண்ணூறு ஆகிறது. பிள்ளைகள் வேறு புறநகரில் இருக்கிறார்கள், கார் ஓட்டும் லைசென்ஸும் போயாயிற்று, வீட்டில் தனியாக இருக்கிறார்கள்.

புதிதாக ஒரு சங்கம் ஆரம்பிக்கும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் மீல்ஸ் ஆன் வீல்ஸ் ஆஸ்திரேலியாவில் ஐம்பதுகளிலிருந்தே இருக்கிறது. அடிலெய்டில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அதை உருவாக்கிய டோரிஸ் டெய்லரின் குழு 1954-இல் போர்ட் அடிலெய்டிலிருந்து முதல் சாப்பாட்டை அனுப்பியது. இத்தாலியர்களுக்கென்றே கோ ஆஸ் இட் என்ற அமைப்பு 1968 முதல் மெல்பர்னில் வேலை செய்கிறது. இவை தவிர ஊர் கவுன்சில், இத்தாலிய மொழியில் பூசை நடக்கும் மாதா கோயில்கள், வாராவாரம் கூடும் பென்ஷனர் கிளப்புகள் இருக்கின்றன. முதல் மாதம் இவர்களைப் பார்த்துப் பேசுவதற்கே போகட்டும். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், யார் போன வருடம் மனைவியை இழந்தார் என்பதெல்லாம் பென்ஷனர் கிளப்பில் சீட்டாடுகிறவர்களுக்குத்தான் தெரியும், கவுன்சில் கோப்பில் இருக்காது. ஏற்கெனவே நடக்கிற ஒரு குழுவுக்குள் இத்தாலிய ரூட் ஒன்றைச் சேர்க்க முடிந்தால் இன்ஷூரன்ஸ், சமையலறை, கணக்கு வழக்கு என்று பாதித் தலைவலி குறையும்.

65 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு உதவி உண்டு. மை ஏஜ்ட் கேர் என்ற அரசின் முதியோர் உதவி மையம், எண் 1800 200 422, அங்கே கூப்பிட்டு மதிப்பீடு கேட்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் 131 450-இல் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். 2025 நவம்பர் 1 முதல் வீட்டிலேயே உதவி தரும் பழைய ஹோம் கேர் பேக்கேஜ் திட்டம் போய் சப்போர்ட் அட் ஹோம் திட்டம் வந்திருக்கிறது, காமன்வெல்த் ஹோம் சப்போர்ட் திட்டம் இப்போதைக்குத் தனியாகத் தொடர்கிறது. பொதுவாக, சமைப்பதற்கும் கொண்டுவருவதற்கும் ஆகும் செலவில் அரசு பங்கெடுக்கும், சமையல் பொருளின் விலை சாப்பிடுகிறவருடையது. இதை முதல் நாளே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

இலவசமாகக் கொடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். தானம் வாங்குகிறோம் என்ற நினைப்பு வந்த உடனே பல பெரியவர்கள் "எனக்குத் தேவையில்லை, வேறு யாருக்காவது கொடுங்கள்" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். சின்னத் தொகை ஒன்றை வையுங்கள், வாரம் ஒருமுறை கவரில் வாங்குங்கள், ரசீது கொடுங்கள். காசு கொடுத்தவர்தான் உப்புப் போதவில்லை என்று தைரியமாகச் சொல்வார், உங்களுக்கு அந்தக் குறை வேண்டும். முடியாதவருக்கு எப்படிக் குறைப்பது என்பது ஒருங்கிணைப்பாளருக்கும் அவருக்கும் இடையில் இருக்கட்டும். தனியாக நோட்டை நீட்டினால் மட்டும் தன்னார்வலர் வாங்கவே கூடாது.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்

கவுன்சிலின் சுகாதார அதிகாரியைப் பாருங்கள். வீட்டில் சமைத்துக் கொண்டுபோகிற வேலை இல்லை இது. முதியவர்களைப் போன்ற பலவீனமானவர்களுக்குச் சமைப்பதற்குத் தேசிய உணவு விதிகளில் 3.3.1 என்று தனி விதியே இருக்கிறது, எழுதிவைத்த உணவுப் பாதுகாப்புத் திட்டம் கேட்பார்கள். கிளப் சமையலறை, மாதா கோயில் ஹால் எதுவானாலும் பதிவு வேண்டும்.

சமையலில் மனப்பாடமாக இருக்க வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே, சூடானது 60 டிகிரிக்கு மேலே. சமைத்ததைக் குளிரவைத்தால் 60-லிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5-க்கு அடுத்த நாலு மணி நேரத்துக்குள் வரவேண்டும். பெரிய பானையில் ராகூ என்ற இறைச்சிச் சாஸை அப்படியே மூடி ஃப்ரிட்ஜில் தள்ளினால் நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும், தட்டையான ட்ரேயில் ஊற்றுங்கள். ஒரு நல்ல குத்தும் தெர்மாமீட்டர் வாங்கி, கிளம்பும்போதும் கடைசி வீட்டிலும் குத்திப் பார்த்து எழுதுங்கள். முதல் வீட்டுச் சூடு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். கடைசி வீட்டுச் சூட்டை வைத்துத்தான் உங்கள் ரூட் நீளமா என்று தெரியும்.

இத்தாலியச் சமையலுக்கே உரிய ஆபத்துகள் சில உண்டு. சமைக்காத ரிக்கோட்டா சீஸ், பிரோஷூட்டோ, சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சி இவற்றில் லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜிலும் வளரும், முதியவர்களை அது கடுமையாகத் தாக்கும். ரிக்கோட்டா வேண்டுமென்றால் கன்னெல்லோனி என்ற குழாய்ப் பாஸ்தாவுக்குள் வைத்து நன்றாகச் சூடேற பேக் செய்யுங்கள். எண்ணெயில் ஊறவைத்த கத்தரிக்காய், வீட்டு சலாமி என்று யாராவது அன்போடு ஜாடியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். எண்ணெய்க்குள் காற்றில்லாத இடத்தில் பாட்டுலிசம் நச்சு உண்டாகலாம், மணமோ நிறமோ காட்டிக்கொடுக்காது.

அப்புறம் ஃபாவா பீன்ஸ் என்ற பெரிய அவரை. வசந்தத்தில் எல்லா இத்தாலியத் தோட்டத்திலும் காய்க்கும், மெனுவில் போடத் தோன்றும். சார்டினியாவிலும் தென் இத்தாலியிலும் ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ளவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். இவர்கள் ஃபாவா சாப்பிட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து பெரிய சிக்கலாகும். சேர்க்கைப் படிவத்தில் நிலக்கடலை, பால், குளூட்டன் என்று கேட்கும் வரிசையில் ஃபாவாவையும் சேர்த்துக் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கீரை திடீரென்று கூடவோ குறையவோ கூடாது. கிக்கோரியா கீரை வாரம் முழுக்க வந்து அடுத்த வாரம் காணாமல் போகிற மெனு அவர்களுக்கு ஆகாது.

என்ன சமைப்பது?

மதியச் சாப்பாடுதான் இவர்களுக்குப் பிரதானம். பதினொன்றரைக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் வந்து சேராவிட்டால் ரொட்டித் துண்டைத் தின்று பசியை அடக்கிவிடுவார்கள், டப்பா அப்படியே இருக்கும்.

பாஸ்தாவை டப்பாவில் அனுப்புவது பெரிய சவால். அடுப்பில் சரியான பதத்தில் எடுத்தது காரில் நாற்பது நிமிடம் வெந்துகொண்டே போய்க் களியாகச் சேரும், அதைப் பார்த்த மாத்திரத்தில் எண்பத்தைந்து வயது சிஞ்ஞோரா (அம்மையார்) உங்கள் குழுவைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார், அதை மாற்றுவது கஷ்டம். ஸ்பகெட்டியை மறந்துவிடுங்கள். அடுப்பில் பேக் செய்த பாஸ்தா அல் ஃபோர்னோ, லசான்யா, பருப்போடு சேர்ந்த தித்தாலினி போன்ற சின்ன வகைகள் பயணத்தைத் தாங்கும். சீஸ் தூளைத் தனிப் பொட்டலமாக வையுங்கள். ரொட்டி இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள், அது இல்லாதது அவர்களுக்குச் சாப்பாடே இல்லை.

எல்லா இத்தாலியரும் ஒரே சாப்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். வேனெத்தோக்காரருக்குப் பொலெந்தா என்ற சோளமாவுக் களியும் அரிசியும், கலாப்ரியாக்காரருக்குக் காரமிளகாய். கிளப்புக்கு வரக்கூடிய நாலைந்து பாட்டிமாரை மாதம் ஒருமுறை ருசி பார்க்க உட்கார வையுங்கள். வாழ்நாள் முழுக்க இருபது பேருக்குச் சமைத்துப் போட்டவர்கள் இவர்கள். அடுத்தவர் சமையலைச் சாப்பிடுகிற நிலைமையே அவர்களை உறுத்தும். செய்முறையைத் திருத்தும் அதிகாரத்தைக் கொடுத்தால் அந்த உறுத்தல் கொஞ்சம் குறையும், உங்கள் சாஸும் தேறும். வெள்ளிக்கிழமைகளில், முக்கியமாகத் தவக்காலத்தில், இறைச்சி அனுப்பாதீர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மீன், முடிந்தால் பக்காலா என்ற உப்புக் கருவாடு.

அளவைவிடப் புரதத்தைப் பாருங்கள். முதியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. சிறுநீரக நோய் இருந்தால் டாக்டர் சொல்வதுதான். மீட்பால், முட்டை ஃபிரித்தாத்தா, கொண்டைக்கடலை, மென்மையாக வேகவைத்த கோழி எல்லாம் பல்செட்டோடு சாப்பிட முடியும்.

விழுங்குவதில் சிரமம் இருப்பவர்களுக்கு நீங்களாக எதையும் மிக்ஸியில் அடித்து அனுப்பாதீர்கள். 2019 மே முதல் ஆஸ்திரேலியாவில் ஐடிடிஎஸ்ஐ என்ற 0 முதல் 7 வரையிலான பத அளவுதான் நடைமுறை, எந்த எண் என்று பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளர் எழுதித் தர வேண்டும். நல்லதென்று நாம் நினைக்கிற மினெஸ்ட்ரோனே என்ற காய்கறி சூப்பும், இறைச்சி வேகவைத்த சாற்றில் மிதக்கும் பாஸ்தினா என்ற பொடிப் பாஸ்தாவும்தான் இவர்களுக்கு ஆபத்து: நீரும் கட்டியும் சேர்ந்து வாய்க்குள் போகும்போது நீர் முந்திக்கொண்டு மூச்சுக்குழாயில் இறங்கலாம்.

வாசலில்

ஒரு காருக்கு எட்டு வீட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள் என்பது என் கருத்து. பதினைந்து கொடுத்தால் சாப்பாடு போகும், ஆனால் தன்னார்வலர் மணி அடித்து, நீட்டி, ஓடிவிடுவார். அதற்கு ஒரு கூரியர் கம்பெனி போதும். மொகா என்ற அடுப்புக் காப்பிப் பாத்திரத்தில் காப்பி போட்டு வைத்திருப்பார்கள். எல்லா வீட்டிலும் குடித்தால் உங்கள் இதயம் தாங்காது, எல்லா வீட்டிலும் மறுத்தால் அவர்கள் மனம் தாங்காது. தினம் ஒரு வீடு என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு இத்தாலியன் தெரியாதே என்று தயங்கும் தமிழர்களுக்கு: வணக்கம், எப்படி இருக்கிறீர்கள், வலிக்கிறதா, சாப்பிட்டீர்களா, நாளைக்கு வருகிறேன், இவ்வளவு தெரிந்தால் சாப்பாட்டைக் கொடுத்துவிடலாம். ஆனால் மறதி நோய் உள்ளவர்கள் பிற்காலத்தில் கற்ற ஆங்கிலத்தை இழந்து சிறுவயது மொழிக்கே திரும்புவது உண்டு, அதுவும் பள்ளி இத்தாலியன் இல்லை, கிராமத்துப் பேச்சு. அந்த வீடுகளுக்கு அதே ஊர்ப் பின்னணி உள்ள ஒருவரையே அனுப்புங்கள், ஆளை மாற்றாதீர்கள்.

வீட்டுக்குள் அழைத்தால் நேற்றைய டப்பா எங்கே என்று பாருங்கள். பாட்டியிடம் கேட்டால் "நன்றாக இருந்தது, முழுக்கச் சாப்பிட்டேன்" என்றுதான் வரும். "குப்பையை நான் எடுத்துப் போடட்டுமா?" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும். பெல்ட்டில் புது ஓட்டை, ஜூலை மாதக் குளிரில் ஹீட்டர் போடாத வீடு, ஜனவரி வெயிலில் ஜன்னல் எல்லாம் மூடிய வீடு, கையில் காயம், பிரிக்காத தபால், இதையெல்லாம் அன்றே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். இத்தாலியச் சமூகம் சின்னது, மாலைக்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும். பிள்ளைகளிடம் சொல்வதற்கும் அவருடைய சம்மதம் வேண்டும். பென்ஷன் பணம் எங்கே போகிறது என்று சந்தேகம் வந்தாலோ, யாரோ மிரட்டுவதுபோல் தெரிந்தாலோ, முதியோர் துன்புறுத்தலுக்கான உதவி எண் 1800 353 374.

கதவு திறக்கவில்லை என்றால்? டப்பாவைப் படியில் வைத்துவிட்டுப் போகக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும். மணி, அப்புறம் போன், அப்புறம் பின்பக்கம் சுற்றிப் பாருங்கள். காது கேட்காமல் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். அங்கேயும் இல்லையென்றால் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிடுங்கள், அவர் அவசரத் தொடர்பு எண்ணுக்குப் பேசட்டும். பதில் வரும்வரை நீங்கள் நகர வேண்டாம், அடுத்த வீட்டுக்கு இன்னொரு காரை அனுப்பச் சொல்லுங்கள். ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது அவர் விழுந்து கிடப்பது தெரிந்தால் அவசர எண் 000-ஐக் கூப்பிடுங்கள்.

ஆட்களைச் சேர்க்கும்போது மூன்று வருடத்துக்கு உட்பட்ட போலீஸ் சரிபார்ப்பு, கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் தன்னார்வ ஓட்டத்தைத் தெரிவிப்பது, குழுவுக்குப் பொதுப் பொறுப்பு இன்ஷூரன்ஸ், இவற்றை முடித்துவிடுங்கள். ஆட்கள் கிடைக்காத மாதங்கள் டிசம்பரும் ஜனவரியும். புதிதாக வந்த இத்தாலிய இளைஞர்கள் அப்போது பெரும்பாலும் ஊர் சுற்றப் போய்விடுவார்கள், ஓய்வுபெற்ற தன்னார்வலர்கள் பேரப்பிள்ளைகளோடு கடற்கரைக்கு. நவம்பரிலேயே அந்த வாரங்களுக்கு உறைய வைத்த சாப்பாடு தயார் செய்யுங்கள், மூடியின் மேல் பெரிய எழுத்தில் இத்தாலியனில் சூடாக்கும் நிமிடத்தை எழுதி ஒட்டுங்கள், ஒருதரம் அவர் கையாலேயே மைக்ரோவேவை இயக்கச் சொல்லிப் பாருங்கள். மனைவி இருந்தவரை சமையலறைக்குள் நுழையாத தாத்தாக்கள் நிறையப் பேருக்கு அந்தப் பொத்தான் எதுவென்றே தெரியாது. அவர்களை ஜனவரி முழுக்க நேரில் போகும் பட்டியலில் வையுங்கள்.