பள்ளி மென்பொருள் வாங்குவதற்கு முன்: டெமோவில் யாரும் கேட்காத கேள்வி

ஏப்ரல் வந்தால் கடலூர், புதுச்சேரி தனியார் பள்ளிகளில் டெமோ சீசன். தாளாளர் அறையில் புரொஜெக்டர் ஓடும், திரையில் பஸ் நகரும், எல்லோரும் தலையாட்டுவார்கள். கட்டணம், வருகைப் பதிவு, பெற்றோருக்குச் செய்தி, பஸ் இருக்கும் இடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் இந்த மென்பொருள்களைப் பள்ளிகளில் அமைத்துக் கொடுப்பது என் வேலை. புதிதாக வாங்குகிறவர்கள் அதே பள்ளத்தில் விழுவதைப் பார்த்து அலுத்துப் போய்தான் இதை எழுதுகிறேன். விலை பேசுங்கள், பாஸ்வேர்டைப் பகிராதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

வெளியே வரும் வழி கேட்காமல் கையெழுத்துப் போடுவது

கடலூர் அருகே ஒரு பள்ளி, மென்பொருள் நிறுவனத்தை மாற்றியது. பழைய தரவைக் கேட்டால் வந்தது கத்தை கத்தையாகப் பிடிஎஃப். அதில் மாணவர் பெயரும் மொத்த பாக்கியும் மட்டும்தான். எந்தப் பருவத்துக் கட்டணம், வேன் கட்டணம் எவ்வளவு, ரசீது எண் என்ன, எதுவும் கிடையாது. எக்ஸெல் வேண்டுமானால் தனியாகப் பணம் கட்டணுமாம். ஒப்பந்தத்தைப் புரட்டினால் தரவைத் திருப்பித் தருவது பற்றி ஒரு வரிகூட இல்லை. சண்டை போடவும் வழியில்லை. கோடை விடுமுறை முழுக்க கிளார்க் உட்கார்ந்து தட்டச்சு செய்தார். ஜூனில், பணம் கட்டிய ரசீதோடு வந்த பெற்றோரிடம் "பாக்கி இருக்கிறதே" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் அவர்தான். டெமோவில் தலையாட்டியவர்கள் ஒருவரும் அந்த கவுண்டர் பக்கம் வரவில்லை. நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது.

சோதனைக் காலத்திலேயே ஒரு பிரிவை முழுதாக ஏற்றிப் பாருங்கள். பாதிக் கட்டணம் கட்டியவர், சலுகை பெற்றவர், நடுவில் டி.சி. வாங்கிப் போனவர் எல்லோரும் அதில் இருக்கட்டும். அப்புறம் "இதை எக்ஸெலில் கொடுங்கள்" என்று கேளுங்கள். ஒவ்வொரு ரசீதும் தனி வரிசையில், சேர்க்கை எண்ணோடு வரவேண்டும். கடலூர் பள்ளி என்றால் எமிஸ் எண்ணும் (தமிழ்நாடு அரசின் பள்ளித் தகவல் தளத்தில் மாணவருக்குரிய எண்) வேண்டும். ஒப்பந்தம் முடிந்தபின் எத்தனை நாளில் தரவு தருவார்கள், தங்கள் சர்வரில் எப்போது அழிப்பார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள்தான். ஆகவே அழிக்கச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இனிஷியலை மறப்பது

"குடும்பப் பெயர் கட்டாயம்" என்று பெட்டி இருந்தால் கிளார்க் அதில் ஒரு புள்ளி வைப்பார். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் சரிபார்க்கும்போது அந்தப் புள்ளி திரும்ப வரும்.

தமிழ் எஸ்எம்எஸ் கணக்கு

ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழில் 70தான், புள்ளியும் கொம்பும்கூட தனித்தனியாக எண்ணப்படும். பள்ளிப் பெயரோடு ஒரு விடுமுறைச் செய்தி பெரும்பாலும் இரண்டு எஸ்எம்எஸ் ஆகிவிடும், செலவும் இரட்டிப்பு. அதோடு, டிஎல்டியில் (மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புவோருக்கான தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவுத் தளம்) முன்பே பதிவு செய்த வாசகம்தான் போகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட நாளில் புது வாசகம் பதிவு செய்துகொண்டிருக்க முடியாது. மழை விடுமுறை, பஸ் தாமதம், பாதியில் பள்ளி விடுவது, மூன்றையும் அக்டோபருக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

பஸ் ஜிபிஎஸ்ஸில் மயங்குவது

அதைக் கடைசியில் பாருங்கள்.

ஆசிரியரைக் கேட்காமல் வாங்குவது

வருகைப் பதிவுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் அவர் நோட்டுக்கே திரும்பிவிடுவார்.

தாளாளரின் போனில் செயலியைச் சோதிப்பது

வீட்டில் ஒரே பழைய போன், இரண்டு பிள்ளைகள், ரீசார்ஜ் தீர்ந்து எண்ணை மாற்றிய அப்பா. அந்த வீட்டுப் போனில் போட்டுப் பாருங்கள். இரண்டு பிள்ளைகளின் கட்டணமும் ஒரே லாகினில் தெரியவேண்டும், எண் மாற்றத்தைப் பள்ளி அலுவலகத்திலேயே செய்ய முடியவேண்டும். அதற்கும் மென்பொருள் நிறுவனத்துக்கு டிக்கெட் (கோரிக்கை) போடுங்கள் என்றால் வேறு மென்பொருள் பாருங்கள்.