நல்லூரை நடந்து பார்க்கப் போறவர்கள் விடும் பிழைகள்

கந்தசுவாமி கோயில், முத்திரைச் சந்தியில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியனின் சிலை, யமுனா ஏரி, மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு வளைவு. பழைய யாழ்ப்பாண இராசதானியின் அடையாளங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பத்து, பதினைந்து நிமிட நடைக்குள் கிடக்கின்றன. ஓட்டோவில் சுற்றினால் அரை மணித்தியாலம். ஒன்றும் மனதில் நிற்காது. நடந்தால் ஊரும் பிடிபடும், உடம்புக்கும் நல்லது. ஆனால் வருகிறவர்கள் திரும்பத் திரும்ப விடும் சில பிழைகள் உண்டு.

நின்ற நேரத்தையும் நடையோடு சேர்த்து எண்ணுவது ஒன்று. "இரண்டு மணித்தியாலம் நடந்தேன்" என்பார்கள். அதில் பாதிக்கு மேல் படம் எடுத்த நேரமாக இருக்கும். வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகையில் கைவீசி நடவுங்கள், நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 காலடி எடுத்து வைக்கும் வேகத்தில். கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. இடம் வந்ததும் ஆறுதலாக நின்று பாருங்கள்.

காலமை ஒன்பது மணிக்குப் பிறகு புறப்படாதீர்கள். வெயில் ஏறமுன் நடையை முடித்துவிடுங்கள், அல்லது பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடங்குங்கள்.

நான் மிகவும் கவலைப்படுவது வெறுங்காலைப் பற்றித்தான். ஆடி, ஆவணியில் வரும் 25 நாள் திருவிழாக் காலத்தில் கோயில் வீதியெங்கும் சனம் வெறுங்காலோடு நடக்கும். சீனி வருத்தம் நீண்ட காலம் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சுடுமணல் தோலைப் பொசுக்கினாலும் தெரியாது. என் பெரியம்மா ஒருமுறை மத்தியானப் பூசைக்குப் போய்வந்து, இரவு கால் கழுவும்போதுதான் உள்ளங்காலில் கொப்புளத்தைக் கண்டா. அது ஆற மாதக் கணக்கானது. அப்படியானவர்கள் மணல் குளிர்ந்திருக்கும் அதிகாலையில் கும்பிடப் போங்கள், வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கண்ணால் பாருங்கள். கோயிலுக்கு வெளியே நடக்கும் நேரமெல்லாம் காலுக்கு அளவான சப்பாத்து வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களும் சீனியைக் குறைக்கும் குளிசை எடுப்பவர்களும் வெறுவயிற்றில் நீண்ட நேரம் நடக்க வேண்டாம். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட, கொஞ்சம் சீனியோ குளுக்கோசோ பையில் இருக்கட்டும்.

வரலாற்றில் விடும் பிழையும் சின்னதல்ல. பிள்ளைகளைக் கூட்டிவந்து, "சங்கிலியன் கும்பிட்ட கோயில் இதுதான்" என்று இன்றைய கோபுரத்தைக் காட்டுகிறார்கள். 1619இல் சங்கிலியன் போர்த்துக்கேயரிடம் தோற்றான். 1621இல் அவர்கள் பழைய கோயிலை இடித்தார்கள். அது இருந்த இடம் முத்திரைச் சந்திக்கு அருகே, இன்று சென். ஜேம்ஸ் தேவாலயம் நிற்கும் பகுதி என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. இன்றைய கோயில் 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. ஆனாலும் தொடர்பு அறுந்துபோகவில்லை: இன்றும் கோயிலில் பூசை நேரத்தில் உரக்கச் சொல்லும் வாழ்த்தான கட்டியத்தில், பழைய கோயிலைக் கட்டியவர் எனக் கருதப்படும் புவனேகபாகுவின் பெயர் வருகிறது. ஒருநாள் பூசை நேரத்தில் நின்று காதால் கேளுங்கள். மந்திரிமனையும் அப்படியே, இப்போது நிற்கும் கட்டடம் ஐரோப்பியர் காலத்துப் பாணி, சங்கிலியன் காலத்தது அல்ல. அதன் சுவரில் சாயவோ, ஏறவோ, பெயர் கீறவோ வேண்டாம். போன சுண்ணாம்பு திரும்பி வராது.

யாழ்ப்பாணக் கோட்டையையும் பொது நூலகத்தையும் அதே நாளில் சேர்க்காதீர்கள். கோட்டை இங்கிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர். களைத்த காலோடு போய் ஒன்றையும் பார்க்கமாட்டீர்கள். அதற்கு வேறொரு காலமை வையுங்கள்.

அந்த நேரத்தை யமுனா ஏரிக்குக் கொடுங்கள். தேவாலயத்துக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடப்பதால் பலர் தவறவிடுகிறார்கள். 'ப' வடிவில் கட்டிய கேணி அது. யமுனை நதித் தீர்த்தத்தைக் கொண்டுவந்து கலந்ததால் அந்தப் பெயர் என்பது ஐதீகம். படி வழுக்கும், இறங்காமல் கரையில் நின்றே பாருங்கள்.