கோப்பைப் பூட்டிவிட்டேன், பிறகு எப்படி அழிந்தது?

முக்கியமான கோப்பு கைதவறி அழிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் முதலில் அதன் பண்புகளைத் திறந்து ‘படிக்க மட்டும்’ என்ற கட்டத்தில் டிக் போடுகிறார்கள். இதுதான் பரவலான தவறு. அந்தக் குறி உள்ளே இருப்பதைத் திருத்துவதற்குத்தான் தடை. விண்டோஸில் அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்து டெலீட் விசையை அழுத்தினால் அதுவும் ரீசைக்கிள் பின் என்ற குப்பைத்தொட்டிக்குப் போய்ச் சேரும்.

லினக்ஸில் இதன் காரணம் தெளிவாகத் தெரியும். அங்கே கோப்புறை என்பது அடிப்படையில் ஒரு பெயர்ப் பட்டியல். அழிப்பது என்றால் பட்டியலிலிருந்து பெயரை அடிப்பது. அதற்குத் தேவை கோப்புறையில் எழுதும் உரிமை. கோப்புக்கு என்ன உரிமை வைத்திருக்கிறீர்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. ஆகவே பூட்டு கோப்புறைக்குத்தான் வேண்டும். நாட்டிலஸ் என்ற லினக்ஸ் கோப்பு மேலாளரில் கோப்புறையின் பண்புகளுக்குள் அனுமதிகள் பகுதிக்குப் போனால், உரிமையாளருக்கு எதிரே ‘கோப்புகளை உருவாக்கலாம், அழிக்கலாம்’ என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அதை ‘கோப்புகளை அணுகலாம்’ என்பதற்கு மாற்றினால் போதும். உள்ளே இருக்கும் துணைக் கோப்புறைகளுக்குத் தனித்தனி உரிமை உண்டு; அவற்றையும் கவனிக்க வேண்டும். இதில் ஒரு தொல்லையும் இருக்கிறது: சேமிக்கும்போது புதுக் கோப்பை உருவாக்கிப் பழையதன் இடத்தில் வைக்கும் மென்பொருள்கள் பல. பூட்டிய கோப்புறையில் அவை முரண்டு பிடிக்கும். எனவே இந்த ஏற்பாடு அன்றாடம் திருத்தும் கோப்புகளுக்கு ஒத்துவராது. பழைய படங்கள், முடித்துவைத்த கணக்குகள் போன்றவற்றுக்கே பொருந்தும்.

ரீசைக்கிள் பின் எப்போதும் காப்பாற்றும் என்று நம்புவது அடுத்த தவறு. விண்டோஸில் பென் டிரைவிலிருந்தோ நெட்வொர்க் கோப்புறையிலிருந்தோ அழித்தவை அங்கே வருவதில்லை; நேரே போய்விடும். தொட்டிக்கு ஒதுக்கிய அளவைவிடப் பெரிய வீடியோவுக்கும் அதே கதிதான். ஷிப்ட் விசையோடு டெலீட்டை அழுத்திப் பழகியவர்களுக்குத் தொட்டி இருந்தும் பயனில்லை. அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

விண்டோஸ் 8 முதல், தொட்டிக்கு அனுப்பும்போது ‘நிச்சயமா?’ என்ற கேள்வி இயல்பாக வருவதில்லை. ரீசைக்கிள் பின்னின் பண்புகளில் அதை மீண்டும் இயக்கலாம். எரிச்சலூட்டும் கேள்விதான், ஆனால் இடப்பக்கப் பலகத்தில் கோப்புறை தேர்வாகி இருப்பதைக் கவனிக்காமல், வலப்பக்கக் கோப்பு என்று எண்ணி டெலீட்டைத் தட்டும் நேரத்தில் அதன் அருமை தெரியும். படிக்காமலே என்டர் தட்டுபவருக்கு எதுவும் உதவாது, அது வேறு.

மேகக் கணக்கோடு ஒத்திசையும் கோப்புறையைக் காப்புப்பிரதி என்று நினைக்காதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவ் தன் குப்பைத்தொட்டியில் 30 நாள் வைத்திருக்கும்; அதற்குள் கவனித்தால் உண்டு. இணைப்பைக் கழற்றி வைத்த வேறொரு வட்டில் இருக்கும் பிரதிக்கு இந்த ஆபத்து இல்லை.

அழிந்துவிட்டதை உடனே கண்டால், வேறு எதையும் தொடாமல் கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்துங்கள். தொட்டிக்குப் போனது பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பிவிடும். நிரந்தரமாக அழிந்திருந்தால், மீட்பு மென்பொருளை அதே வட்டில் நிறுவுவதுதான் கடைசித் தவறு: தேடும் கோப்பின் மேலேயே அது எழுதப்படலாம். சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி வட்டு என்றால், அதன் டிரிம் வசதி காலியான இடத்தைத் துடைத்துவிடுவதால் மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு.