குளோன் எடுத்த மெஷின்களுக்கு எல்லாம் ஒரே ஐபி: என் அனுபவம்

காட்பாடியில் ஒரு பயிற்சி வகுப்புக்காக விர்ச்சுவல்பாக்ஸில் (ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) உபுண்டு சர்வர் 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, அதை மூலமாக வைத்து 12 குளோன் (அச்சு நகல்) எடுத்தேன். பிரிட்ஜ் முறையில், அதாவது ஒவ்வொரு மெஷினும் ரவுட்டரிடமிருந்தே நேராக முகவரி வாங்கும்படி இணைத்தால், எல்லாவற்றுக்கும் ஒரே ஐபி முகவரி. மேக் முகவரிகள் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்கள்) வேறு வேறாகத்தான் இருந்தன. ரவுட்டரையும் மாற்றிப் பார்த்தேன். மூன்று நாள் போனது.

காரணம் மெஷின்-ஐடி கோப்பு; ஒவ்வொரு மெஷினுக்கும் உரிய தனி அடையாள எண் இருக்கும் கோப்பு அது. ஐபி முகவரிகளைத் தானாகப் பகிர்ந்தளிக்கும் டிஹெச்சிபி-யிடம் முகவரி கேட்கும்போது உபுண்டு சர்வர் மேக் முகவரியை அடையாளமாகத் தருவதில்லை. மெஷின்-ஐடியிலிருந்து உருவாக்கிய எண்ணைத் தருகிறது. குளோனில் அதுவும் அப்படியே வந்துவிடுகிறது.

மூலத்தில் அந்தக் கோப்பை நீக்காமல், உள்ளே இருந்ததை மட்டும் காலி செய்தேன். சரி, ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பூட் செய்தேன். அங்கேதான் தப்பு நடந்தது. பூட் ஆனதுமே புது ஐடி எழுதிக்கொண்டது, குளோன்களில் மறுபடி அதே சிக்கல். காலி செய்தவுடன் ஷட்டவுன் செய்து, குளோன் எடுக்கும்வரை மூலத்தை எழுப்பவே கூடாது. அப்படிச் செய்த பிறகு ஒவ்வொரு குளோனும் பூட் ஆனபோது தனக்கெனப் புது ஐடி எழுதிக்கொண்டது, 12-க்கும் தனித்தனி ஐபி வந்தது. பெரிய நிம்மதி.