பகிர்ந்து பயன்படுத்தும் வளங்களைத் தாமதித்து விடுவிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீசியஸில் தைப்பூசக் காவடி நெருங்கும் விரத நாட்களில், ஒரு கோவிலின் காவடிப் பதிவுச் செயலிக்குப் பலர் ஒரே நேரத்தில் வருவார்கள். அங்குள்ள எபேன் சைபர்சிட்டியில் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் அத்தகைய செயலியை எழுதும்போது, பல த்ரெட்டுகள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) ஒரே டேட்டாபேஸ் கனெக்ஷனைப் பகிர்ந்துகொள்ளும்படி அமைப்பது உண்டு. ஒரு த்ரெட் கனெக்ஷனை எடுக்கும்போது ரெஃபரன்ஸ் கவுண்ட், அதாவது அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை, ஒன்று கூடும், விடும்போது ஒன்று குறையும். எண்ணிக்கை பூஜ்யமானவுடன் மூடிவிடாமல் 30 விநாடி பொறுத்து மூடினால், அடுத்து வருபவருக்காக மறுபடி திறக்கும் செலவு மிச்சமாகும். ஏற்பாடு நல்லதுதான், ஆனால் பெரும்பாலான கோளாறுகள் அந்த 30 விநாடிக்குள்தான் பிறக்கின்றன.

அந்த 30 விநாடியை எண்ணும் டைமர் முடிந்து எண்ணிக்கை பூஜ்யம் என்று பார்த்த பிறகு, கனெக்ஷனை மூடுவதற்கு முந்தைய நுண்ணிய இடைவெளியில், வேறொரு த்ரெட் அதை எடுத்து எண்ணிக்கையை 1 ஆக்கிவிடலாம். டைமர் அதை அறியாமல் மூடிவிட, எடுத்தவர் கையில் செத்த கனெக்ஷன் மிஞ்சும். எண்ணிக்கையைக் கூட்டிக் குறைப்பதை இடையில் பிளவுபடாத ஒரே செயலாக, அதாவது அட்டாமிக்காக மாற்றினால் மட்டும் இது தீராது. கனெக்ஷனைத் தேடி எடுக்கும்போது பிடிக்கும் அதே லாக்கை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் பூட்டை) பிடித்துக்கொண்டு எண்ணிக்கையை மறுபடி பார்த்து, பூஜ்யமாகவே இருந்தால் பட்டியலிலிருந்து நீக்கி, லாக்கை விட்ட பிறகே மூட வேண்டும். லாக்கைப் பிடித்தபடியே மூடினால், நெட்வொர்க் மெதுவாக இருக்கும் நேரத்தில் மற்ற அனைவரும் காத்து நிற்க நேரிடும். இடையில் யாரேனும் கனெக்ஷனை எடுத்துத் திரும்ப விட்டிருந்தால் பழைய டைமர் செல்லாததாக வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தக் கோளாறைக் கண்டு 30 விநாடியை 60 ஆக்குவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன், ஏனெனில் தாமதம் பிழையை அரிதாக்குமே தவிர நீக்காது, அரிதான பிழையைப் பிடிப்பதோ இன்னும் கடினம்.

பிழை நேரும் பாதையில் எண்ணிக்கையைக் குறைக்க மறப்பது அடுத்த தவறு. 2016 ஜனவரியில் வெளியான லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பாதுகாப்புக் குறை இதற்குச் சான்று. ரகசியச் சாவிகளை வைத்திருக்கும் அதன் சாவிவளையப் (கீரிங்) பகுதியில் ஒரே ஒரு பாதையில் குறைப்பு விடுபட்டிருந்தது. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்து 32 பிட் எண்ணிக்கையை ஏறத்தாழ 429 கோடி வரை ஏற்றினால், அது சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்து, பயன்பாட்டில் இருக்கும் மெமரியே விடுவிக்கப்பட்டு, சாதாரணப் பயனர் ரூட் அதிகாரம், அதாவது கணினியின் முழு அதிகாரம் பெற வழி திறந்தது. 2017இல் கெர்னல் 4.11இல் சேர்ந்த புதிய எண்ணிக்கை வகை, எல்லையைத் தொட்டதும் சுற்றாமல் அங்கேயே நின்றுவிடும். மெமரி கசிந்தாலும் பரவாயில்லை, தவறாக விடுவிக்கக் கூடாது என்ற அந்தத் தேர்வு சரியானது.

ஒன்றையொன்று பிடித்திருக்கும் இரு பொருள்களின் எண்ணிக்கை ஒருபோதும் பூஜ்யமாகாது. பைத்தான் மொழியின் வழக்கமான இயக்கியான சிபைத்தான், இத்தகைய சுழற்சிகளைக் கண்டுபிடித்து விடுவிக்கவென்றே தனிச் சுழற்சிச் சேகரிப்பானை வைத்திருக்கிறது. சி++ மொழியில், 2011 தரத்தில் வந்த, எண்ணிக்கையைக் கூட்டாத பலவீனச் சுட்டியை (weak_ptr) ஒரு பக்கத்துக்குப் பயன்படுத்தினால் போதும். செயலியை நிறுத்தும்போது காத்திருக்கும் டைமர்களை முதலில் ரத்து செய்து, ஓடிக்கொண்டிருப்பது முடியும் வரை பொறுத்து, அதன் பிறகே மீதமுள்ள கனெக்ஷன்களை மூட வேண்டும்.