பல் மருத்துவ நுழைவுத் தேர்வு: எந்தப் பயிற்சி நூல் எதுவரை கைகொடுக்கும்?

அமெரிக்காவுக்கு வந்து பல் மருத்துவம் படிக்க நினைப்பவர்கள் புத்தகம் வாங்கும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். டிஏடி (Dental Admission Test) என்பது பல் மருத்துவப் படிப்பை இங்கே முதலாண்டிலிருந்து தொடங்குபவர்களுக்கான தேர்வு. ஊரிலேயே பிடிஎஸ் முடித்து வந்தவர்களின் பாதை வேறு. அவர்கள் பொதுவாக ஐஎன்பிடிஇ (INBDE) என்ற பல் மருத்துவ உரிமத்துக்கான தேர்வை எழுதி, வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான சேர்க்கைக்கு விண்ணப்பிப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா பத்து வருடம் பல் மருத்துவராக வேலை பார்த்தவர். வந்த முதல் மாதமே யாரோ சொன்னார்கள் என்று டிஏடி புத்தகங்களை மொத்தமாக வாங்கிவிட்டார். இரண்டு மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

டிஏடியை நடத்துவது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம். இயற்கை அறிவியலில் 90 நிமிடத்துக்கு 100 கேள்வி: உயிரியல் 40, பொது வேதியியல் 30, கரிம வேதியியல் 30. அடுத்தது வடிவங்களைக் கண்ணால் அளக்கும் பிஏடி, 60 நிமிடத்துக்கு 90 கேள்வி. அப்புறம் வாசிப்புக்கு 60 நிமிடம், 50 கேள்வி. கணக்குக்கு 45 நிமிடம், 40 கேள்வி. இயற்பியல் கிடையாது. நீட்டுக்காக இயற்பியலோடு மல்லுக்கட்டியவர்கள் நிம்மதியாக மூச்சு விடலாம்.

இங்கே கிடைக்கும் புத்தகங்களும் இணையப் பயிற்சித் தொகுப்புகளும் இந்த நாட்டில் பள்ளி முடித்து, கல்லூரியில் ஓரிரண்டு வருடம் அறிவியல் படித்த பிள்ளையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அந்தப் பிள்ளை தடுமாறும் இடம் வேறு, நாம் தடுமாறும் இடம் வேறு. அதனால் அவர்கள் போட்டுத் தரும் பத்து வார அட்டவணையை அப்படியே பிடித்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் ஒரு முழு மாதிரித் தேர்வை எழுதிப் பார்த்து, எங்கே விழுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு அட்டவணையை நீங்களே போடுங்கள்.

உயிரியலில் பெரும்பாலான நூல்கள் நன்றாகவே இருக்கின்றன. பாடப் பரப்பு அகலம், ஆழம் குறைவு. சுருக்கக் குறிப்புகள் அதற்குப் பொருத்தம். பிளஸ் டூவில் தாவரவியலும் விலங்கியலும் ஒழுங்காகப் படித்தவர்களுக்கு முக்கால்வாசி பழகிய விஷயம்தான். ஆனால் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு எந்த நூலும் உதவாத ஒரு சிக்கல் உண்டு. நாளமில்லாச் சுரப்பி, நிணநீர், தண்டுவடம் என்று மனதில் இருப்பதை எண்டோக்ரைன், லிம்ஃப், ஸ்பைனல் கார்டு என்று பார்த்த கணத்தில் பிடிக்க வேண்டும். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அங்கி என்ற இலவச அட்டைச் செயலியில் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ச் சொல் என்று நானே அட்டைகள் செய்தேன். அந்த வேலையை வேறு யாரும் உங்களுக்குச் செய்து தர மாட்டார்கள். செய்தால் பலன் நிச்சயம்.

கரிம வேதியியலில் கானிசாரோ, ஆல்டால் என்று வினைகளின் பெயர்களை ஒப்பித்திருப்போம். இங்கே தேவை வேறு. இந்த மூலக்கூறோடு இதைச் சேர்த்தால் என்ன கிடைக்கும், எந்தப் பக்கமாகச் சேரும், இவற்றில் எது வலுவான அமிலம் என்று காரணத்தோடு யோசிக்க வேண்டும். மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடிக்க உதவும் ஐஆர், என்எம்ஆர் நிறமாலைகளும் உண்டு. பயிற்சி நூல்கள் இதைக் கல்லூரியில் படித்தாயிற்று என்று எண்ணி வேகமாகத் தாண்டிவிடும். கான் அகாடமியின் இலவசக் காணொளிகளில் அடிப்படையைக் கற்றுவிட்டு நூலுக்கு வாருங்கள். அங்கே பிஏடி பயிற்சி கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பிஏடிதான் நம்மில் பலருக்கும் முற்றிலும் புதிது. ஆறு வகை, வகைக்கு 15 கேள்வி. கனசதுரம் எண்ணுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கனசதுரங்களை ஒட்டி அடுக்கி, அடிப்பக்கம் தவிர வெளியே தெரியும் எல்லாப் பக்கமும் வண்ணம் பூசியிருக்கிறது. இரண்டு பக்கம் மட்டும் வண்ணம் பட்டவை எத்தனை என்று கேட்பார்கள். படத்தைப் பார்த்தவுடன் 0 முதல் 5 வரை வரிசையாக எழுதி, ஒவ்வொரு கனசதுரத்துக்கும் உரிய எண்ணுக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். ஒரே படத்தின் மேல் அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். பட்டியல் தயாராக இருந்தால் நொடியில் விடை. மேலே உள்ளதைத் தாங்கிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் கனசதுரத்தை எண்ண மறப்பதுதான் வழக்கமான தவறு. நான் வாங்கிய அச்சு நூல் விடை 4 என்று போட்டுவிட்டு நகர்ந்துவிட்டது; ஏன் 4 என்று புரிய எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது. பிஏடிக்கு மட்டும் அச்சு நூலை நம்பாதீர்கள். உருவத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டி விளக்கும் இணையத் தொகுப்பே மேல். விரித்த தாளை மடித்தால் எந்த வடிவம் வரும் என்ற வகைக்கு அதுவும் போதாது. புதிதாகக் குடிவந்த வீட்டில் கிடக்கும் அட்டைப் பெட்டியை வெட்டி, கையால் மடித்துப் பாருங்கள். இருபது வடிவம் மடித்த பிறகு கண்ணுக்கே பழகிவிடும்.

வாசிப்பில் நூல்கள் தரும் உத்தி, கேள்வியைப் படித்துவிட்டுப் பத்தியில் விடையைத் தேடு என்பது. ஆங்கிலம் சரளமாக ஓடுபவர்களுக்குச் சரி. மற்றவர்கள் தினமும் ஒரு நீண்ட அறிவியல் கட்டுரையைத் திரையில் படியுங்கள், தாளில் வேண்டாம். கணக்கு நம் பிள்ளைகளுக்குப் பெரிய பாரமில்லை, நேரத்தை மட்டும் பழகினால் போதும்.

நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று பழைய பதிப்பை எடுப்பவர்கள் வெளியான ஆண்டைப் பாருங்கள். 2025 மார்ச் முதல் மதிப்பெண் 200 முதல் 600 வரை. அதற்கு முன் 1 முதல் 30 வரை. பாடம் பழசாகாது, மதிப்பெண் அறிவுரை பழசாகிவிடும். கனடா போகிறவர்களுக்குத் தேர்வே வேறு: அங்கே கரிம வேதியியலும் கணக்கும் இல்லை. முன்பு கைத்திறனைப் பார்க்க சோப்புக் கட்டியைச் செதுக்கும் பகுதி இருந்தது, இப்போது அதுவும் இல்லை; இன்னும் சோப்பைப் பற்றிப் பேசும் குறிப்புகளை ஒதுக்கிவிடுங்கள்.

இணையத் தொகுப்புகளின் சந்தா நாள் கணக்கில் ஓடும். அடிப்படை முடியும் முன் பணம் கட்டாதீர்கள். தேர்வை நடத்தும் பல் மருத்துவச் சங்கமே விற்கும் மாதிரித் தேர்வுகளைக் கடைசி வாரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டமும் விதிகளும் அடங்கிய அவர்களின் கையேடு இலவசம். அதை முதல் நாளே படியுங்கள். இன்னொன்று, தேர்வு அறையில் தாளும் பென்சிலும் தர மாட்டார்கள், எழுது அட்டையும் மார்க்கரும்தான். வீட்டிலும் அப்படியே பழகுங்கள்.

எந்தப் பயிற்சி நூலிலும் நான் பார்க்காத விஷயம் நம் பெயர். விண்ணப்பத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நமக்கோ பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும், விசாவில் முதல் பெயருக்குப் பதில் எஃப்என்யூ (FNU, முதல் பெயர் தெரியவில்லை) என்று வந்திருக்கும், ஓட்டுநர் உரிமத்தில் இனிஷியல் மட்டும் நிற்கும். பதிவு செய்யும் முன் எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி, தேர்வு மையத்தில் காட்டப்போகும் இரண்டைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் இருப்பதுபோலவே விண்ணப்பத்தை நிரப்புங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அட்டையைத் திருத்திய பிறகே தேர்வுத் தேதியைக் குறியுங்கள்.