ஈமாக்ஸ் லிஸ்பில் ஒரே நிரல் வேறுவேறு விடை தந்தால்

மொரீசியஸில் காவடி நெருங்கினால் கோயில் நிகழ்ச்சிப் பட்டியல் நாலு பக்கமிருந்து வரும். ரோஸ் ஹில்லில் ஒருவர் பிரெஞ்சு வேர்டில் தட்டியிருப்பார், இன்னொருவர் கைபேசியில். எல்லாவற்றையும் ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தியில் ஒரே பஃபரில் (திறந்து வைத்த உரையில்) ஒட்டி, "கொடியேற்றம்:" என்று தொடங்கும் வரிகளைப் பொறுக்க அதன் லிஸ்ப் மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதுகிறீர்கள். காலையில் எல்லாம் கிடைக்கிறது, மாலையில் பாதி காணோம். நிரலைத் தொடவே இல்லை.

அப்படியென்றால் பஃபரைத்தான் சந்தேகப்பட வேண்டும். கர்சர் நிற்கும் இடம், நேரோ செய்த பகுதி (மற்றதை மறைத்து இதை மட்டும் காட்டுவது), மோடு (உரை வகைக்கேற்ற அமைப்பு) எல்லாமே தேடலின் விடையை மாற்றும்.

படி 1: தொடக்கத்தைக் கட்டிப்போடுங்கள். ரீ-சர்ச்-ஃபார்வர்ட் என்ற தேடல் கட்டளை கர்சர் நிற்கும் இடத்திலிருந்துதான் தேடும். மேலே இருப்பதைப் பார்க்காது. பஃபர் நேரோ ஆகியிருந்தால் பாயிண்ட்-மின் கூட கோப்பின் தொடக்கம் அல்ல, தெரியும் பகுதியின் தொடக்கம்தான். வைடன் அந்த நேரோவை நீக்கும். எனவே நிரலை இப்படிச் சுற்றுங்கள் (பெயர்களை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில்):

(சேவ்-எக்ஸ்கர்ஷன்
  (சேவ்-ரெஸ்ட்ரிக்ஷன்
    (வைடன்)
    (கோட்டூ-சார் (பாயிண்ட்-மின்))
    ...தேடல்...))

இந்த வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலான புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

படி 2: தீரவில்லையா? நிரலுக்குள் கர்சரை வைத்து கண்ட்ரோல்-யூ, அப்புறம் கண்ட்ரோல்-மெட்டா-எக்ஸ் (மெட்டா என்பது பெரும்பாலும் ஆல்ட் விசை). நிரலைப் படிப்படியாக ஓட்டிக் காட்டும் எடிபக் தயார். நிரலை ஓட்டி, ஸ்பேஸ் பாரை அழுத்தி அழுத்தி நகருங்கள். பி-யை அழுத்தினால் உரைப் பஃபரில் கர்சர் நிற்கும் இடத்தை ஒரு நொடி காட்டும். நிரலுக்குள் நடப்பதை அச்சிடும் மெஸேஜ் வரிகளை அள்ளித் தெளிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

படி 3: தேடல் கண்ணெதிரே ஒரு வரியைத் தாண்டிப் போனால், அந்த வரியில் கர்சரை வைத்து மெட்டா-கோலன் அழுத்தி இதைக் கேளுங்கள் (வரியின் ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் குறியீட்டு எண் வரும்):

(ஸ்ட்ரிங்-டூ-லிஸ்ட் (திங்-அட்-பாயிண்ட் 'லைன்))

"கொ" என்பதற்கு ஒரு வரியில் 2965, 3018 என்று வரும். இன்னொன்றில் 2965, 3014, 3006. முன்னதில் ஒகரக் குறி ஒரே குறியீடு. பின்னதில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனி. திரையில் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் தெரியாது, ஆனால் தேடலுக்கு அவை வேறுவேறு சொற்கள். பிரெஞ்சுப் பெயர்களில் வரும் குறியிட்ட 'ஈ' (é) எழுத்தும் இதே சேட்டை செய்யும்.

அடுத்து, முக்காற்புள்ளிக்கு முன்னால் பாருங்கள். 160 என்று இருந்தால் அது வரி உடையாத இடைவெளி. பிரெஞ்சு வழக்கப்படி வேர்டு தானாகவே அதை நுழைக்கும். உங்கள் தேடலில் சாதாரண இடைவெளியான 32 மட்டும் இருந்தால் அது பொருந்தாது. இடைவெளியைக் குறிக்கும் பின்சாய்கோடு-எஸ்-கழித்தல் குறியும் வேண்டாம்; எது இடைவெளி என்பது மோடின் சின்டாக்ஸ் டேபிளைப் (எழுத்து வகைப் பட்டியலைப்) பொறுத்து மாறும்.

படி 4: வித்-டெம்ப்-பஃபர் தரும் தற்காலிகப் பஃபரில் ஒரு நகல் எடுத்து, அதில் பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூசிஎஸ்-நார்மலைஸ்-என்எஃப்சி-ரீஜியனை ஓட்டுங்கள், 160-ஐ 32 ஆக்குங்கள், பிறகு பாயிண்ட்-மின்னுக்குப் போய்த் தேடுங்கள். மூலப் பஃபர் நேரோ ஆகியிருந்தால் தெரியும் பகுதி மட்டுமே நகலாகும் என்பதால், அதை முதலில் வைடன் செய்வது அவசியம். தேடும் சொல்லும் 2965, 3018 வடிவில்தான் இருக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

படி 5: கர்சரைக் கோப்பின் கடைசியில் வைத்து ஒருமுறை, நடுவில் நாலு வரியை நேரோ செய்து ஒருமுறை, டெக்ஸ்ட் மோடில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மூன்றிலும் அதே வரிகள் வந்தால் சரி. வராவிட்டால் எடிபக்கைத் திரும்பத் திறங்கள்.